கிளட்ச் லீவர் இல்லாத மூன்று சக்கர பைக்கில் கியர் மாற்றப் பழகுவது

பல வருஷம் இரண்டு சக்கர பைக் ஓட்டிவிட்டு இதில் முதல்முறை ஏறி உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள், நானும் செய்தேன். வண்டி மெதுவாகி நிற்கப் போகிறது, இடது கையின் நான்கு விரலும் தானாக நீண்டு காற்றைப் பிடித்து மடங்குகிறது. அங்கே கிளட்ச் லீவரே கிடையாது. அதே நேரம் வலது கை முன் பிரேக்கைத் தேடுகிறது, அதுவும் கிடையாது. இரண்டு கையும் ஏமாந்துபோக, வண்டி அது பாட்டுக்கு உருண்டுகொண்டே போகும். அப்புறம்தான் வலது கால் ஞாபகத்துக்கு வரும்.

நான் சொல்வது முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம் வைத்த கேன்-ஆம் ஸ்பைடர் வண்டியைப் பற்றி. கனடாவின் பிஆர்பி நிறுவனம் 2007ல் அறிமுகப்படுத்தியது. ஆரம்பத்தில் 998 சிசி, இரட்டை சிலிண்டர் ரோடாக்ஸ் இன்ஜின், ஐந்து கியர். பிறகு 2014 மாடலில் ஆர்டி என்கிற நெடும்பயண வகைக்கு 1330 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜினும் ஆறு கியரும் வந்தன. இதில் கிளட்ச் லீவரோடு கூடிய சாதாரண கியர் வண்டியும் வந்திருக்கிறது, அதை எஸ்எம் என்பார்கள். லீவர் இல்லாத செமி ஆட்டோமேட்டிக்கின் பெயர் எஸ்இ. ஐந்து கியர் என்றால் எஸ்இ5, ஆறு என்றால் எஸ்இ6. ரைக்கர் என்று ஒரு சின்ன வண்டி இருக்கிறதே, அதில் ஸ்கூட்டர் மாதிரி சிவிடி, ஓடும்போது மாற்ற கியரே இல்லை. ரைக்கர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையால் பயன் இல்லை.

எஸ்இ வண்டியைப் பற்றி மனதில் பதியவேண்டியது ஒன்றுதான். கியர் இறங்குவதை அது பார்த்துக்கொள்ளும், ஏற்றுவது உங்கள் வேலை. வேகம் குறையக் குறைய, நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் ஆறிலிருந்து ஐந்து, நான்கு என்று அதுவாகவே முதல் கியர் வரை வந்துவிடும். ஆனால் நீங்கள் ஏற்றாமல் ஒருபோதும் தானாக ஏறாது. முதல் கியரிலேயே முறுக்கிக்கொண்டு போனால் முதல் கியரிலேயே கத்திக்கொண்டு போகும். அதனால்தான் அதற்குப் 'பாதி' ஆட்டோமேட்டிக் என்று பெயர், அந்த மீதிப் பாதியைத்தான் நாம் பழகப் போகிறோம்.

விரல் இரண்டு, கால் ஒன்று

இடது கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு பேடில் இருக்கும். கட்டைவிரலால் முன்பக்கம் தள்ளினால் கியர் ஏறும். ஆள்காட்டி விரலால் உங்களை நோக்கி இழுத்தால் இறங்கும். தள்ளினால் ஏற்றம், இழுத்தால் இறக்கம், அவ்வளவுதான். காலில் தட்டுவதற்கு லீவர் கிடையாது, இடது காலுக்குக் கியர் விஷயத்தில் வேலையே இல்லை. பழைய மாடல்களில் பார்க்கிங் பிரேக்கை மிதிக்க மட்டும் அது உதவும், பின்னால் வந்தவற்றில் அதற்கும் பட்டன் வந்துவிட்டது.

பிரேக் மொத்தமும் வலது கால் பெடலில். ஒரே மிதி, மூன்று சக்கரமும் பிடிக்கும், ஏபிஎஸ்ஸும் உண்டு. பழக்க தோஷத்தில் பின் பிரேக்கை மிதிப்பதுபோல லேசாகத் தொட்டுவிட்டு, வண்டி நிற்கவில்லையே என்று பயப்படாதீர்கள், கார் பிரேக் மாதிரி நன்றாக மிதிக்கலாம். கியர் பழகுவதற்கு முன்னால் இந்தக் காலைப் பழக்கிவிடுங்கள். காலி மைதானத்தில் பத்துத் தடவை கிளப்பி, பத்துத் தடவை நிறுத்தினால் போதும், வலது கை முன் பிரேக்கைத் தேடுவதை மறந்துவிடும்.

இடது கை மறக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும். எனக்கு ஒரு வாரம் ஆனது. அதில் கெடுதல் ஒன்றும் இல்லை, காற்றைப் பிடிப்பதால் வண்டி கோபித்துக்கொள்ளாது. கெடுதல் வருவது வேறு இடத்தில். இண்டிகேட்டர், ஹாரன், பேடில் எல்லாமே அந்த ஒரே இடது கையின் எல்லைக்குள் அடங்குகின்றன. திரும்பி முடித்து இண்டிகேட்டரை அணைக்கப் போன என் கட்டைவிரல் பேடிலைத் தள்ளி, இரண்டில் போகவேண்டிய வண்டி மூன்றுக்குப் போய் திணறியது இரண்டு மூன்று தடவை நடந்தது. அதனால் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே, நின்ற இடத்திலேயே, கண்ணால் பார்க்காமல் விரல் ஒவ்வொரு பட்டனையும் தொட்டுவிட்டுத் திரும்பும்படி ஒரு பத்து நிமிஷம் பழகுங்கள். சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும், பரவாயில்லை.

கிளட்ச் எங்கே போச்சு?

கிளட்ச் எங்கும் போகவில்லை, உள்ளேயே இருக்கிறது, பிடிக்கவும் விடவும் நம்மைக் கேட்பதில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்ப ஒரு சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது அது பிடிக்காது. சுற்றும் வேகம் கூடினால் உள்ளே இருக்கும் எடைகள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, அந்த அழுத்தத்தில் கிளட்ச் மெல்லப் பிடிக்கும். ராட்டினம் வேகமெடுத்தால் ஊஞ்சல்கள் வெளிப்பக்கம் விரிகிறதே, அதே சங்கதிதான். இது புது வித்தையும் இல்லை. 1958ல் வந்த ஹோண்டா சூப்பர் கப்பிலேயே கிளட்ச் லீவர் இல்லாமல் இதே தத்துவத்தில் ஓட்டினார்கள், அங்கே கியரைக் காலால் மாற்றவேண்டும், இங்கே விரல் சொல்ல, இன்ஜின் ஆயிலின் அழுத்தம் அந்த வேலையைச் செய்கிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இந்த வண்டியின் குணம் பாதிக்குமேல் இங்கிருந்துதான் வருகிறது. முதல் கியரில் போட்டுவிட்டு ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இருந்தால் வண்டி பேசாமல் நிற்கும், இன்ஜினும் அணையாது. அது நல்லது, ஆனால் அதுவே ஆபத்தும்கூட. கியர் விழுந்திருப்பது பார்த்தால் தெரியாது. க்ளவுஸை இழுத்துவிடும்போதோ பின்னால் ஆள் ஏறும்போதோ கை தவறி முறுக்கிவிட்டால் வண்டி பாய்ந்துவிடும். ஆகையால் கொஞ்ச நேரம் நிற்பதாக இருந்தால் நியூட்ரலுக்கு வாருங்கள், சிக்னல் மாதிரி கியரிலேயே நின்றால் வலது காலை பிரேக்கிலிருந்து எடுக்காதீர்கள்.

இன்னொன்று, இது பலருக்கும் அதிர்ச்சி தருவது. இன்ஜினை அணைத்தால் அந்தக் கிளட்ச் விட்டுவிடும், எனவே கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது, உருளும். சாதாரண பைக்கைச் சரிவில் முதல் கியரில் போட்டு நிறுத்துவோமே, அந்தப் புத்தியில் நான் ஒருமுறை இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு மெல்லிய கரகர சத்தம், டயருக்கு அடியில் சரளைக்கல் நசுங்குகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் என் வண்டி ஆள் இல்லாமல் நிதானமாகப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. ஹெல்மெட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தேன், ஒரு செடிவேலி மட்டும் சாய்ந்தது. பார்க்கிங் பிரேக்கைப் போடாமல் இருக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்பதை அந்தச் செடிவேலியிடம்தான் கற்றேன்.

முதல் நாள்

சாவியைத் திருப்பியதும் திரையில் ஒரு பாதுகாப்புச் செய்தி வரும், அதைப் பார்த்துவிட்டதாக பட்டனை அழுத்தினால்தான் ஸ்டார்ட் ஆகும். வண்டியில் கோளாறு என்று நினைத்து முதல் நாளே மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் விடுங்கள். கியர் மாற்றுவதே ஆயில் அழுத்தத்தால்தான், காலைக் குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது முதல் சில மாற்றங்கள் முரட்டுத்தனமாக விழுவது சகஜம்.

பிரேக்கை மிதித்து, பார்க்கிங் பிரேக்கை எடுத்து, பேடிலை ஒருமுறை முன்னால் தள்ளுங்கள். 'டொக்' என்று ஒரு சத்தம், வண்டி லேசாகக் குலுங்கும், திரையில் 1 என்று வரும். இப்போது பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை ரொம்ப மெல்ல, நூல் பிடித்தாற்போல் திறங்கள். முதலில் ஒன்றும் நடக்காது, சத்தம் மட்டும் ஏறும். பிறகு பின் சக்கரம் பிடிப்பது இடுப்பில் தெரியும். அந்த இடத்தை நன்றாக உணருங்கள், ஏனென்றால் ஹாஃப் கிளட்ச் என்று நாம் விரலில் செய்துகொண்டிருந்த வேலை மொத்தமும் இப்போது வலது மணிக்கட்டுக்கு மாறிவிட்டது. ஒரேயடியாகத் திறந்தால் எட்டிக் குதிக்கும், திறந்து மூடித் திறந்து மூடி விளையாடினால் தவளை மாதிரி தத்தும்.

வண்டி சீராக உருள ஆரம்பித்தபின் இரண்டாவது கியர். இங்கேதான் பழைய பழக்கத்தை உடைக்க வேண்டும். கியர் மாற்றும்போது ஆக்சிலரேட்டரை மூடாதீர்கள். கிளட்ச் பைக்கில் மூடி, பிடித்து, தட்டி, விட்டுத் திறப்போம். இதில் கையை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு கட்டைவிரலை மட்டும் தள்ளவேண்டும், இன்ஜினின் இழுப்பைக் கணப்பொழுது குறைத்து கியரைப் போட்டுத் திரும்பக் கொடுப்பதை வண்டியின் கம்ப்யூட்டரே செய்துகொள்ளும். நடுவில் நீங்களும் மூடினால் இரண்டு பேரும் சேர்ந்து குறைத்த மாதிரி ஆகி, தலை முன்னால் ஆடி அப்புறம் பின்னால் ஆடும். பின்னால் உட்கார்ந்திருப்பவரின் ஹெல்மெட் உங்கள் ஹெல்மெட்டில் டங் என்று மோதினால் மூடியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பேடிலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம், தயங்கித் தயங்கித் தள்ளவும் வேண்டாம், சுண்டிவிடுவதுபோல ஒரே தள்ளு, உடனே விரலை எடுத்துவிடுங்கள்.

எப்போது ஏற்றுவது

புதிதாக ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது, அவர்கள் கியரைத் தப்பாக மாற்றுவதில்லை, சீக்கிரம் மாற்றுகிறார்கள். இன்ஜின் சத்தம் கொஞ்சம் ஏறியதும் பாவம் வண்டி கத்துகிறதே என்று இரக்கப்பட்டு அடுத்த கியருக்குத் தள்ளிவிடுவார்கள். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியர். இன்ஜின் அடியில் கடகடவென்று அதிரும், ஆக்சிலரேட்டரைத் திறந்தால் இழுக்காது, சிறிது நேரத்தில் வண்டி தானாகக் கியரை இறக்கும். இவர் மறுபடி ஏற்றுவார், அது மறுபடி இறக்கும். இப்படி மாமியாரும் மருமகளுமாக ஒரு கிலோமீட்டர் போவார்கள். அப்புறம் கியர்பாக்ஸ் சரியில்லை என்று புகார்.

998 சிசி இரட்டை சிலிண்டர் கீழே கொஞ்சமும் பொறுத்துக்கொள்ளாது. இன்ஜின் நிமிஷத்துக்குச் சுற்றும் கணக்கான ஆர்பிஎம் சுமார் 2500க்குக் கீழே வந்தாலே தானாக இறக்கிவிடும். அதில் நான் சாதாரணமாக 4500, 5000 வரை விட்டு ஏற்றுவேன், ஓடும்போதும் 4000க்குக் கீழே வைத்துக்கொள்வதில்லை. கார் ஓட்டிப் பழகிய காதுக்கு அது அதிகமாகக் கேட்கும், இந்த இன்ஜினுக்கு அதுதான் மூச்சு விடுகிற இடம். 1330 வேறு ஜாதி. 130 நியூட்டன் மீட்டர் டார்க்கை, அதாவது திருப்பு விசையை, 5000 ஆர்பிஎம்மில் தருகிறது, அதன் கணிசமான பங்கு அதற்கு வெகு கீழேயே கிடைத்துவிடும். நிதானமாகப் போகும்போது 3000ஐத் தாண்டியதும் ஏற்றலாம், வேகம் வேண்டுமென்றால் 4000, மேட்டில் அதற்கும் மேலே. ஆர்டியில் இருக்கும் ஈகோ மோடு எப்போது ஏற்றவேண்டும் என்று திரையில் அம்புக்குறி காட்டும், பெட்ரோல் மிச்சம் பிடிக்க நல்லது, ஆனால் கியர் பழகுகிற காலத்தில் அதை அணைத்து வையுங்கள் என்பேன். அம்புக்குறிக்காகக் காத்திருந்தால் காது பழகாது.

முதல் இரண்டு மூன்று நாள் ஆர்பிஎம் முள்ளைப் பார்த்து மாற்றுங்கள், தப்பில்லை. அப்புறம் பார்க்காமல் சத்தத்தை வைத்து மாற்றிவிட்டு, சரிதானா என்று பிறகு பாருங்கள்.

இறக்குவதைக் கொஞ்சம் கையில் எடுங்கள்

தானாக இறங்கும் என்று சொன்னேன், அப்புறம் எதற்கு அந்த ஆள்காட்டி விரல் என்று கேட்கலாம். வண்டி இறக்குவது கடைசி நிமிஷத்தில், இன்ஜின் திணறுவதற்குச் சற்று முன்னால். நிற்கப் போகும்போது அது போதும். மற்ற மூன்று இடங்களில் போதாது.

முந்தும்போது: ஆறாவது கியரில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கிறீர்கள், முன்னால் ஒரு லாரி. முழுக்கத் திறந்தாலும் ஆட்டோமேட்டிக் கார் மாதிரி தானாக இறங்கி இழுக்காது, ஆறிலேயே மெதுவாகத்தான் ஏறும். வெளியே எடுப்பதற்கு முன்பே இரண்டு தடவை இழுத்து நான்குக்கு வாருங்கள். எதிர்ப்பக்கம் போனபிறகு இழுத்தால் வண்டி ஒரு கணம் யோசிக்கும், அந்த ஒரு கணம் அங்கே ரொம்ப நீளம்.

இறக்கத்தில்: நீண்ட மலை இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறும். முன்கூட்டியே மூன்றுக்கோ இரண்டுக்கோ இறக்கி இன்ஜின் பிரேக்கில் விடுங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வேகம் ரொம்பக் குறைந்து இன்ஜின் ஐட்லிங் பக்கம் வந்துவிட்டால் கிளட்ச் விட்டுவிடும், இன்ஜின் பிரேக் காணாமல் போய் வண்டி சட்டென்று கட்டவிழ்ந்தாற்போல் உருளும். கொண்டை ஊசி வளைவில் அது நடந்தால் வயிற்றைப் பிசையும். வலது கால் பிரேக்மேல் தயாராக இருந்தால் ஒன்றும் ஆகாது.

வளைவில்: இந்த வண்டி சாயாது. இரண்டு சக்கரத்தில் உடம்பைச் சாய்த்துத் திரும்பிய கைக்கு இதில் ஹேண்டிலைப் பிடித்துத் திருப்பும் வேலை, உடம்போ வெளிப்பக்கம் தள்ளப்படும். வலது பக்கம் திரும்பும்போது இடது கைதான் ஹேண்டிலைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் கட்டைவிரலைப் பிரித்து கியரைத் தள்ளப் பார்த்தால் பிடி தளர்ந்து வண்டி போகிற பாதையைவிட்டு விலகும். வேண்டிய கியரை வளைவுக்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள். இழுப்பு ஒரே சீராக இருக்கும்படி ஓட்டி வெளியே வந்து ஹேண்டில் நேரானதும் ஏற்றுங்கள். உள்பக்கச் சக்கரம் தூக்குகிற அளவுக்குப் போனால் வண்டியின் ஸ்டெபிலிட்டி சிஸ்டம் இன்ஜினைக் குறைத்து பிரேக்கும் போட்டுவிடும், அது காப்பாற்றத்தான். அடிக்கடி அது தலையிட வேண்டியிருந்தால் தப்பு நம்மிடம்தான்.

கையால் இறக்கும்போது ஆக்சிலரேட்டர் மூடியிருக்கட்டும், ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவே கியர் விழ நேரம் கொடுங்கள். படபடவென்று நான்கு தடவை இழுத்துவிட்டு எத்தனை விழுந்தது என்று திரையைத் தேடுவது வேண்டாம்.

பழக ஒரு வழி. காலி ரோட்டில் மூன்றாவது கியர் வரை போய், ஆக்சிலரேட்டரை மூடிவிட்டுக் காத்திருங்கள். தானாக இறங்கும் இடத்தைக் காதால் கேளுங்கள். மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று, இரண்டு 'டொக்'. நாலைந்து தடவை கேட்டபின், அது இறக்குவதற்கு ஒரு நொடி முன்னால் நீங்கள் இறக்குங்கள். வண்டியை முந்திக்கொள்ளும் இந்த விளையாட்டை அரை மணி நேரம் விளையாடினால், எந்த வேகத்துக்கு எந்த கியர் என்பது மனப்பாடம் செய்யாமலே வந்துவிடும்.

மேடு, நெரிசல், ரிவர்ஸ்

மேட்டில் நின்று கிளம்புவதுதான் பலருக்கும் பயம். பிரேக்கை விட்டதும் பின்னால் உருளும், கிளட்ச் பிடிக்க ஆக்சிலரேட்டர் வேண்டும், நடுவில் ஒரு கணம் அந்தரம். வலது கால் பிரேக்கில் இருக்கும்போதே வலது கையை லேசாகத் திறங்கள். வண்டி முன்னால் போகத் துடிப்பது தெரிந்ததும் காலை எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான். ஆனால் சிக்னல் விழும்வரை பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரிலேயே மேட்டில் தாங்கி நிற்காதீர்கள், கிளட்ச் தேய்ந்து சூடாகும்.

நெரிசலிலும் இதே விஷயம். அடி அடியாக நகர்ந்துகொண்டே இருந்தால் கிளட்ச் முழுக்கப் பிடிக்காமல் உரசிக்கொண்டே இருக்கும். முன்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு, சேர்த்து நகருங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும்.

ரிவர்ஸ் போட வண்டி முழுதாக நின்றிருக்க வேண்டும், இன்ஜின் ஐட்லிங்கில், கால் பிரேக்கில். ரிவர்ஸ் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேடிலை உங்கள் பக்கம் இழுங்கள். ஒன்றிலிருந்து பட்டன் இல்லாமல் சின்னதாக இழுத்தால் நியூட்ரல். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பாருங்கள், கண்ணாடியை மட்டும் நம்ப வேண்டாம். பழக்கத்தில் காலைத் தரையில் ஊன்றித் தள்ளப் பார்ப்போம், கூடவே கூடாது. ஓடும் வண்டியில் காலைத் தொங்கவிட்டால் கால் சிக்கும். நிற்கும்போதும் சரி, போகும்போதும் சரி, கால் வண்டியில்தான்.

கியர் தயங்கினாலோ ஒரேயடியாக முரடாக விழுந்தாலோ முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். வண்டியோடு வந்த கையேட்டில் எப்படி அளக்கவேண்டும் என்று இருக்கிறதோ அப்படியே. கியரை நகர்த்துவதே அந்த ஆயில்தான் என்பதால் இதில் அளவு குறைந்தால் இன்ஜினோடு கியரும் பாடாய்ப்படும். 1330 செமி ஆட்டோமேட்டிக்கில் கியர் பக்கத்துக்கென்று தனி ஃபில்டரும் உண்டு, சர்வீஸில் அதையும் மாற்றினார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவும் பழகி ஒரு மாதம் கழித்து உங்கள் பழைய இரண்டு சக்கர பைக்கை எடுப்பீர்கள் இல்லையா, அதற்கும் ஒரு வார்த்தை. நான் எடுத்த அன்று முதல் நிறுத்தத்தில் கிளட்சைப் பிடிக்க மறந்து இன்ஜின் அணைந்தது, காலை ஊன்றவும் மறந்து, நின்ற வண்டியோடு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தேன். முதல் ஐந்து நிமிஷம் தெருவுக்குள்ளேயே ஓட்டிப் பாருங்கள்.